அ முதல் ஔ வரை ஒரு புலம்பல்

சிறுநீரகம் நின்றுபோன என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி தண்ணீர்தான் கணக்கு. காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். இதையெல்லாம் கழித்தது போக மிச்சத்தைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பாட்டிலை அவர் ஒரு பார்வை பார்ப்பார். மாசக் கடைசியில் பர்ஸைப் பார்க்கிற பார்வை.

அப்படி ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, யோசிக்காமல் பைபிளில் இருக்கிற சங்கீதப் பாட்டுகளில் 42-ஆவதைத் திறந்துவிட்டேன். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல..." முதல் வரி முடியவில்லை.

"ஏய், இன்னைக்கு இதுதான் கிடைச்சுதா உனக்கு?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும், "பரவாயில்ல, வாசி. தாகம்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுதான் எழுதியிருக்கான்" என்றார்.

எங்கள் சங்கீத வாசிப்பு அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முந்தி ஏறக்குறைய ஒரு வருஷம் நான் பைபிளைத் தொடவே இல்லை. அதையும் சொன்னால்தான் மற்றது புரியும்.

அவர் டெய்லர். பஜாரில் சின்னக் கடை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல வருஷமாக உண்டு, கவனிக்கவில்லை. கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போய், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் பார்த்த அன்றைக்கே இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்றார் டாக்டர். இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். இரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைப்பது அது. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு இருக்கும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் ஆபத்து என்பதால், முதல் மாசமெல்லாம் ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. தடவைக்கு நாலு மணி நேரம், இரண்டு பெரிய ஊசி.

சபை ஆட்கள் வந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "துதி பண்ணுங்க சிஸ்டர், துதிச்சா கட்டு அவிழும்" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கலாம் என்று சாடையாகச் சொல்லிவிட்டு நான் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். 91-ஆம் சங்கீதத்தை மட்டும் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எண்ணிவைத்தேன், பதினொன்று. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று அதில் வரும். நேரிட்டுவிட்டதே, இனி இதை என்ன செய்ய? பன்னிரண்டாவது ஆள் வந்தபோது நான் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஐயர் வந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். இவர் ஓய்வுபெற்றவர், செமினரியில் பல வருஷம் பழைய ஏற்பாடு நடத்தியவர். வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை. அவர் அப்படி உட்கார்ந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கிற யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பார் ஐயர். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கிளம்பும்போது கேட்டார்: "88 வாசிச்சிருக்கியாம்மா?"

ஞாபகம் இல்லை என்றேன். "ஜெபம் பண்ண வேண்டாம். சும்மா வாசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி வாசித்தேன். பதினெட்டு வசனம். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே இருட்டு. ஏமான் என்ற ஒருவர் பெயரில் இருக்கிற பாட்டு அது. மற்ற புலம்பல் பாட்டுகளில் எங்காவது ஒரு இடத்தில் "ஆனாலும்" என்று ஒரு திருப்பம் வந்துவிடும். இதில் வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் முடிகிறது. மூலமொழியான எபிரெயத்தில் கடைசிச் சொல் "மக்‌ஷாக்", அதாவது இருட்டு. பாட்டு இருட்டு என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. விளக்கைப் போடுவார் யாரும் இல்லை.

எனக்கு ஆறுதல் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆச்சரியம் வந்தது. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! இதை எழுதியவனைப் பார்த்து உனக்கு விசுவாசம் குறைவு என்று எவனும் அடித்துவிடவில்லையே! அடுத்த முறை வந்தபோது ஐயர் இன்னொன்று சொன்னார். எபிரெயத்தில் சங்கீதப் புத்தகத்துக்குப் பெயர் "தெஹில்லீம்", துதிகள் என்று அர்த்தம். அதில் 150 பாட்டு. வகை பிரித்துப் பார்த்தால் அதிலே அதிகமாக இருப்பது புலம்பல்தான், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. புலம்பல்களை அள்ளிப் போட்டுவிட்டு மேலே துதிகள் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். என்னிடம் துதி பண்ணச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. துதி எது என்றுதான் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

என் அனுபவத்தில் முதல் பாடம் என்று ஒன்றைச் சொல்வதானால் இதுதான்: கஷ்டத்தில் இருக்கும்போது 23, 91, 121 என்று மனப்பாடமான பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் நிலைமை இருக்கிற இடத்தில் இருக்கிற பாட்டைத் தேடுங்கள். தூக்கம் வராதவருக்கு 102 இருக்கிறது. அதில் ஒருவன் தன்னை வீட்டுக் கூரைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிற குருவி என்கிறான். அழுது அழுது படுக்கை நனைந்தவருக்கு 6. எத்தனை நாளைக்கு இது என்று கேட்பவருக்கு 13. அந்தச் சின்னப் பாட்டின் ஆரம்பத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி எபிரெயத்தில் நாலு தடவை வருகிறது. டயாலிசிஸ் வார்டில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரம் கேட்கிற கேள்வியும் அதுதான். "எவ்வளவு நாளைக்கு சார் இது?" டெக்னீஷியன் பையன்கள் பதில் சொல்லமாட்டார்கள், டேப்பைச் சரிசெய்வார்கள்.

இரண்டாவது வருஷம் ஒரு கல்யாண வீடு வந்தது. நெருங்கிய சொந்தம், போகாமல் இருக்க முடியாது. இலையில் ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று எல்லாம் உப்பு. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். உப்பு போனால் தாகம் வரும், தாகம் வந்தால் தண்ணீர் போகும். அது சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் இடைவெளி விழுகிற நாள் வேறு. வாரத்தில் அந்த நீண்ட இடைவெளிதான் இந்த நோயாளிகளுக்கு ஆபத்தான நேரம். திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு விட முடியவில்லை. நெஞ்சுக்குள் குக்கர் கொதிக்கிற மாதிரி சத்தம். உடம்பில் தங்கிய தண்ணீர் நுரையீரலில் ஏறிவிட்டது. ஆட்டோவில் போகிற வழியில் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "தண்ணி". தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிற மனுஷன் தண்ணீர் கேட்கிறார்.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வெளியே இரும்பு நாற்காலியில். பையில் மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை, துண்டு, அதோடு சின்ன சங்கீதப் புத்தகம். திறந்த பக்கம் 69 என்றால் நம்பமாட்டீர்கள், அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தேடித்தான் எடுத்தேன், ஏதோ வெள்ளம் என்று வருமே என்று. "வெள்ளங்கள் என் ஆத்துமமட்டும் பெருகிவருகிறது" என்று ஆரம்பம். "நிற்க நிலையில்லை" என்று அடுத்தது. அதற்கும் அடுத்த வசனத்தில், "என் தொண்டை வறண்டுபோயிற்று." வெள்ளத்தில் முங்குகிறவனுக்குத் தொண்டை எப்படி வறளும்? முன்னால் படித்திருந்தால் கவி மிகைப்படுத்துகிறார் என்று விட்டிருப்பேன். நான் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், உயர்வு நவிற்சி அணிக்குப் பத்து உதாரணம் வைத்திருப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அதில் அணியே இல்லை என்று தெரிந்தது.

பிறகு ஐயரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "ஆத்துமான்னு அங்க இருக்கிற சொல்லு நெஃபெஷ். அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தத்துல தொண்டை, கழுத்துன்னும் வரும்" என்றார். வெள்ளம் ஆத்துமா மட்டும் வந்தது என்றால் கழுத்துமட்டும் வந்தது. 42-இல் மான் மாதிரிக் கதறுகிற ஆத்துமாவும் அதே நெஃபெஷ்தான், தாகத்துக்குக் காய்கிற தொண்டை. இந்தப் பாட்டுகளில் ஆத்துமா என்பது உடம்பைவிட்டு எங்கேயோ மேலே பறக்கிற ஒன்றாக இருக்கும் என்றுதான் ஞாயிறு பள்ளியிலிருந்து நினைத்துவந்தேன். அது மிடறு விழுங்குகிற இடத்தில் இருந்திருக்கிறது.

இன்னொரு சொல்லையும் அவர்தான் காட்டினார். நம் பழைய மொழிபெயர்ப்பில் "உள்ளிந்திரியங்கள்" என்று அடிக்கடி வரும். "இராக்காலங்களிலும் என் உள்ளிந்திரியங்கள் என்னை உணர்த்தும்" என்பது 16-ஆம் சங்கீதம். சின்ன வயசில் அது என்ன என்று யாரையும் கேட்டதில்லை, ஏதோ பரிசுத்தமான சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். எபிரெயத்தில் அந்தச் சொல் "கெலாயோத்". அர்த்தம்: சிறுநீரகங்கள். உடம்பில் கொழுப்புக்குள்ளே மறைந்து கிடக்கிற உறுப்பு என்பதால், மனுஷனுடைய அந்தரங்கமான நினைவுகள் தங்குகிற இடம் அதுதான் என்று அந்தக் காலத்து எபிரெயர்கள் எண்ணியிருக்கிறார்கள். யோபுகூட, தேவன் என் சிறுநீரகங்களை இரக்கமில்லாமல் பிளக்கிறார் என்றுதான் அலறுகிறான்.

இதை ஐயர் சொல்லும்போது என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் முடிந்து வந்து சோர்ந்து படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

"ராத்திரி புத்தி சொல்றது சிறுநீரகமா ஐயரே?"

"ஆமாப்பா, பாட்டுல அப்படித்தான் இருக்கு."

"எனக்கு ரெண்டும் ரிட்டயர் ஆயிட்டே. அப்போ எனக்கு யாரு புத்தி சொல்லுவா?"

ஐயர் சிரித்ததில் பல்செட் நகர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டு 139-இல் பதின்மூன்றாம் வசனத்தை வாசித்துக் காட்டினார். என் சிறுநீரகங்களை உண்டாக்கினவர் நீர் என்று எபிரெயத்தில் இருக்கிறதாம். இவர் விடவில்லை. "அவரே தைச்ச சட்டைன்னா ஏன் சீக்கிரம் பிஞ்சுது? நான் தைச்சது பிஞ்சா கஸ்டமர் கடைக்கு வந்து கேப்பான்ல?" என்றார். ஐயர் சண்டைக்குப் போகவில்லை. "அப்படிப் போய்க் கேட்டவங்கதான் இதை எழுதியிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சங்கீதத்தைக் கடை வாசலில் நின்று புகார் சொல்கிற கஸ்டமரின் குரலில்தான் வாசிப்பார். அதில் பயபக்தி குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் உள்ளே இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே வாசலில் நின்று சத்தம் போடுவான்?

வாசிக்கிற முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எபிரெயக் கவிதைக்கு எதுகை மோனை கட்டாயம் கிடையாது. ஒரு வரி ஒன்றைச் சொல்லும், அடுத்த வரி அதையே வேறு வார்த்தையில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லும். ராபர்ட் லோத் என்ற ஆங்கிலேயர் 1753-இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இதை விளக்கி, இணைப்போக்கு என்கிற மாதிரி ஒரு பெயரும் கொடுத்தார். வகுப்பில் நடத்தினால் ஐந்து நிமிஷப் பாடம். ஆனால் நாலு மணி நேரம் மெஷினில் கிடக்கிற ஆளோடு வாசிக்கும்போது அதன் உபயோகம் தெரிந்தது. முதல் பாதியை நான் சொல்வேன், இரண்டாவது பாதியை அவர். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்பேன். "எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்" என்பார். முதல் வரியைக் காதில் வாங்கத் தவறினாலும் இரண்டாவது வரி பிடித்துக்கொள்ளும். சோர்ந்துபோன மூளைக்கு இது ரொம்ப வசதி. வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும், மனசுக்குள் வாசித்தால் மூன்றாவது வரியில் மனசு மருந்துக்கடை பில்லுக்குப் போய்விடுகிறது.

நடுவில் "சேலா" என்று வருமே, சங்கீதங்களில் மொத்தம் 71 இடத்தில் வருகிறது. அதன் அர்த்தம் இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது, இசைக்காரர்களுக்கான குறிப்பாக இருக்கலாம் என்கிறார்கள். நாங்கள் அந்த இடத்தில் நிறுத்தி மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்போம். அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கத்தோலிக்க அக்கா இருந்தார். அவர் கையில் திருவிவிலியம். அதில் சங்கீதங்களைத் திருப்பாடல்கள் என்பார்கள். ஒரு நாள் அவர் 121-ஐ வாசித்தது என் காதில் விழுந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்டது, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஊருக்குக் கிளம்பினால் அம்மா இதைச் சொல்லாமல் வாசலைத் தாண்டவிடமாட்டார். அக்கா வாசித்ததிலோ, "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று கேள்வியாக இருந்தது. ஐயரிடம் கேட்டதற்கு, எபிரெயத்தில் கேள்விதான் என்றார். மலையைப் பார்க்கிறான், உதவி எங்கேயிருந்து வரும் என்று தெரியாமல் கேட்கிறான், பதில் அடுத்த வரியில்தான். ஐம்பது வருஷமாக அந்தக் கேள்விக்குறி இல்லாமலே நான் சொல்லிவந்திருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

கோபத்துக்கும் இடம் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக என்னை நாலு தடவை அலையவிட்டார் ஒரு மனுஷன். நாலாவது தடவை அவர் சாப்பிடப் போய்விட்டார். அன்று ராத்திரி 109-ஐ எடுத்தேன், சாபப் பாட்டு. "அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்" என்ற இடம் வந்ததும் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதற்கு மேலே வருகிற வசனங்கள், அவன் பிள்ளைகள் பிச்சை எடுக்கட்டும் என்பதெல்லாம் என் வாயில் வரவில்லை. அந்த ஆளுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும். இந்த வகைப் பாட்டுகளைச் சபையில் வாசிக்கமாட்டார்கள், 137-இன் கடைசி வசனத்தையும் தவிர்த்துவிடுவார்கள். பாபிலோன் ஆற்றங்கரை வரைக்கும் உருக்கமாகப் பாடிவிட்டு, எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிற இடம் வருவதற்குள் நிறுத்திக்கொள்வார்கள். அந்த வசனம் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊரைக் கொளுத்திப் பிள்ளைகளைக் கொன்றவர்களிடம் அகப்பட்டவர்கள் சொன்னது என்று புரிகிறது, என்றாலும் ஆமென் சொல்ல வராது. ஆனால் கோபத்தைக் கடவுளிடம் கொட்டிவிட்டவள் அடுத்த நாள் அலுவலகத்தில் கத்தவில்லை, கையெழுத்தும் வாங்கிவந்தாள். இது நடந்தது.

இப்போது நான் புலம்பி எழுதுகிற நோட்டு விஷயம்.

கி.மு. 586-இல் பாபிலோனியர்கள் எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தார்கள். அந்த அழிவைப் பாடுகிறது புலம்பல் என்ற புத்தகம். எபிரெயத்தில் அதன் பெயர் "ஏகா", ஐயோ எப்படி என்கிற மாதிரியான ஓலம். ஐந்து அதிகாரம். எபிரெய எழுத்து 22. முதல் நாலு அதிகாரமும் முதல் எழுத்தான ஆலெஃபில் ஆரம்பித்துக் கடைசி எழுத்தான தாவில் முடிகிறது, எழுத்து வரிசைப்படி. மூன்றாவது அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், மொத்தம் 66. ஐந்தாவது அதிகாரத்துக்கு வந்தால் 22 வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை இல்லை. களைத்துப்போய்விட்டார் போல என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்த வரிசை தமிழில் தெரியாது. மொழிபெயர்த்தால் போய்விடும்.

நகரமே எரிந்து, பசியில் பிள்ளைகள் தெருவில் சுருண்டு விழுவதை எழுதும்போது ஒரு ஆள் ஏன் எழுத்து வரிசை பார்க்க வேண்டும்? துக்கத்தின் முழு அளவையும் சொல்ல, அ முதல் ஃ வரை ஒன்றும் விடாமல் சொல்ல என்பது ஐயர் தந்த ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம்: கடைசி எழுத்து வந்தால் நிறுத்தியாக வேண்டும். அழுகைக்கு ஒரு கரை.

எனக்கு அப்போது கரை இல்லாமல்தான் இருந்தது. ராத்திரி ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். சரி, நம்மிடமும் எழுத்து இருக்கிறதே என்று ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். உயிர் பன்னிரண்டு. ஒரு எழுத்துக்கு ஒரு வரி, ஒரு ராத்திரிக்கு ஒரு சுற்று. அதற்கு மேல் புலம்ப அனுமதி இல்லை. முதல் நாள் எழுதியதில் சில இன்னும் இருக்கிறது:

அலமாரியில் அவர் தைத்து முடிக்காத ஜாக்கெட் ஏழு.
ஆட்டோவுக்கு மட்டும் இந்த மாசம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.
இளநீர் விற்கிறவர் வாசலில் கூப்பிடும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொள்ளக் கேட்டார்.

ஐ, ஓ வரைக்கும் எப்படியோ போய்விடலாம். ஔ-தான் உதைக்கும். மூன்று நாள் தொடர்ந்து "ஔஷதம் வாங்கப் பணமில்லை" என்று எழுதினேன். நாலாவது நாள் ஔ-வுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். பல மாசத்துக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம். யாருக்காவது செய்துபார்க்கத் தோன்றினால் இரண்டு விஷயம்: சாமான்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள், வேதனை, துன்பம் என்று மொத்தமாக எழுதினால் வேலை செய்யாது. அப்புறம், நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று கடைசி வரியில் வலிய ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்க்காதீர்கள்.

புலம்பல் புத்தகமே அப்படி முடியவில்லை. நடுவில், மூன்றாம் அதிகாரத்தில்தான், "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று கிருபையைப் பற்றிய அந்தப் பிரபலமான வசனம் வருகிறது. அதோடு முடிந்திருக்கலாம். முடியாமல் இன்னும் இரண்டு அதிகாரம் அழுது, எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்கிற இடத்தில் போய் நிற்கிறது. யூதர்கள் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் உபவாசமிருந்து, விளக்கைக் குறைத்துத் தரையில் உட்கார்ந்து இதை வாசிப்பார்கள். கடைசி வசனத்தோடு எழுந்துபோக மனசு வராமல், அதற்கு முந்தின வசனத்தை, எங்களை உம்மிடத்தில் திருப்பும் என்பதை, மறுபடி ஒருமுறை சொல்லி முடிப்பார்கள். கடைசி வசனத்தை அழிக்கவும் இல்லை, அதோடு விடவும் இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டும் பாட்டும் போதவில்லை. மூன்றாவது வருஷம் எனக்குக் காரணமில்லாமல் கை நடுங்க ஆரம்பித்தது, வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்றுவிடுவேன். மைனிதான் இழுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போனார். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். சங்கீதம் வாசிக்கிற வீட்டில் மனநல மாத்திரையா என்று கேட்டவர்களும் உண்டு. இவருக்கு டயாலிசிஸை நிறுத்திவிட்டு 42 வாசிக்கலாமா என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சின்னப் புத்தகத்தைப் பையில் வைத்திருப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா. நாத்தான் ஷரான்ஸ்கி என்ற யூதரைப் பற்றி ஐயர் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் அது. 1977-இல் சோவியத் அரசு அவரைப் பிடித்து ஒன்பது வருஷம் சிறையில் வைத்தது. மனைவி அனுப்பிய ஒரு குட்டி சங்கீதப் புத்தகம் அவரிடம் இருந்தது. 1986 பிப்ரவரியில் விடுதலை செய்து விமானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோகும்போது அதைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். மனுஷன் பனியில் அப்படியே விழுந்து படுத்துவிட்டார், புத்தகத்தைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று. கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். டயாலிசிஸ் பையைக் கட்டும்போது, "புக்கு வச்சியா? இல்லாட்டி ஆட்டோ ஸ்டாண்டுலயே படுத்துருவேன்" என்பார்.

ஆறு வருஷம் ஆகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறோம், அழைப்பு வரவில்லை. செவ்வாய், வியாழன், சனி காலை முதல் ஷிஃப்ட், நாலரைக்கே எழ வேண்டும். 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் வருவார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு தடவைதான் வருகிறார்கள், எபிரெயத்தில் அதே சொற்களை இரண்டு தடவை போட்டிருக்கிறது: விடியலுக்குக் காத்திருப்போர், விடியலுக்குக் காத்திருப்போர். ஆட்டோ வருவதற்குள் வாசல் படியில் உட்கார்ந்து ஒன்றை நான் சொல்வேன், மற்றதை அவர்.

போன வாரம் நோட்டைத் திறந்தபோது அவர் கையெழுத்து இருந்தது. நான் பாதியில் தூங்கிவிட்டேனாம், மிச்சத்தை அவர் எழுதியிருக்கிறார். ஏ-வில், "ஏசி ரொம்பக் குளிருது, கம்பளி கொண்டுவரணும்." ஓ-வில், "ஓவர்லாக் மெஷினை விற்க மாட்டேன்." ஔ-வில் இப்படி:

"ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். எனக்குக் கொடுத்திருந்தா டயட்டீஷியன் பிடுங்கியிருப்பா."

அதற்குக் கீழே ஃ என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.